சீக்கிரம் தோண்டிய உருளைக்கிழங்கு கெடுகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

நீலகிரியில் வீட்டுக் கொல்லையில் நாலு பாத்தி உருளைக்கிழங்கு போடுகிறவர்கள் செடி முழுக்கக் காயும்வரை பொறுப்பது குறைவு. பூ உதிர்ந்ததும் மண்ணைக் கிளறிப் பார்ப்போம். கிழங்கு கையில் தட்டுப்பட்டால் தோண்டிவிடுவோம். நீர்போகத்தில், அதாவது தண்ணீர் பாய்ச்சி வளர்க்கும் பருவத்தில், ஜனவரி, பிப்ரவரியில் ஊன்றியது ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ கைக்கு வரும். கார்போகத்துக் கிழங்கை, அதாவது மழைப் பருவத்துக் கிழங்கை, ஜூலை மழைக்கு நடுவிலேயே எடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். அன்றைய சமையலுக்குப் போக ஒன்றிரண்டு கூடை மிஞ்சும். அதை வழக்கம்போலச் சாக்கில் கட்டி மூலையில் வைத்தால் பத்து நாளில் தொல்லை தொடங்கும்.

எங்கள் பக்கத்தில் வருடா வருடம் இதே புகார்தான் வருகிறது. சுருங்குது, நாறுது, முளைக்குது, புழு வைக்குது என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: தோல் கட்டாத இளங்கிழங்கை முற்றிய கிழங்கு மாதிரி மூட்டை போட்டிருப்பார்கள். முற்றியது மாதக்கணக்கில் நிற்கும். இளசு அப்படி நிற்காது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் மலைக் குளிரில் ஒன்றரை மாதம் தாங்கும், சமவெளி வீட்டில் அதில் பாதி கிடைத்தாலே பெரிது.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

சாக்கை அவிழ்த்து முழுவதையும் தரையில் கொட்டுங்கள். மேலே உள்ள நாலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கெட்டது எப்போதும் அடியில்தான் இருக்கும். மூன்றாகப் பிரியுங்கள். ஈரம், நாற்றம் உள்ளவை உடனே வெளியே. வெட்டுப்பட்டது, தோல் உரிந்தது இந்த வாரச் சமையலுக்கு. மீதி மட்டும் திரும்பவும் சேமிப்புக்கு.

அந்த மீதியில் ஒன்றை எடுத்துப் பெருவிரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். தோல் மெல்லிய சருகாகச் சுருண்டு வந்தால் அது இளசு. அசையாமல் இருந்தால் தோல் கட்டிவிட்டது. கீழே சொல்லும் எல்லாவற்றுக்கும் இந்தப் பெருவிரல் சோதனை வேண்டியிருக்கும்.

## கிழங்கு சுருங்குகிறது, தோல் திட்டுத்திட்டாக உரிகிறது

தோண்டியபோதே தோல் உரிந்திருக்கலாம். கூடையில் வீசிப் போட்டது, மண் போகட்டும் என்று ஒன்றோடொன்று தேய்த்தது, குழாயடியில் கழுவியது: இந்த மூன்றில் ஒன்று கட்டாயம் நடந்திருக்கும். தோல் போன இடம் வழியே தண்ணீர் ஆவியாகிக் கிழங்கு வதங்கும். இதற்குச் செலவில்லாத மருந்து, ஆற வைப்பது. வெயில் படாத, காற்று ஓடுகிற அறையில் சாக்கு விரித்து ஒரே அடுக்காகப் பரப்பி, மேலே இன்னொரு சாக்கை லேசாகப் போட்டு மூடுங்கள். 10 முதல் 14 நாள். அறை 12 முதல் 18 டிகிரி வரை இருந்தால் உரிந்த இடத்தில் கிழங்கே புதுத் தோல் கட்டிக்கொள்ளும். ஊட்டி, கோத்தகிரி, குன்னூர் வீடுகளில் வடக்குப் பார்த்த அறை இதற்கு அப்படியே பொருந்தும். எதையும் வாங்க வேண்டாம்.

அறை மிகவும் உலர்ந்திருக்கலாம். அடுப்படிக்கு மேலே பரணில் வைத்தால் புகையும் சூடும் சேர்ந்து இரண்டு வாரத்தில் வற்ற வைத்துவிடும். அங்கிருந்து இறக்கிவிடுங்கள். தோல் கட்டிய பிறகு மரப்பெட்டியில் உலர்ந்த மணல் ஒரு அடுக்கு, கிழங்கு ஒரு அடுக்கு என்று மாற்றி மாற்றி வைத்தால் வதங்குவது நன்றாகக் குறையும். ஆற்று மணலோ சலித்த தோட்டத்து மணலோ போதும். ஈரம் மட்டும் இருக்கக் கூடாது.

இன்னும் பாதி நிலத்திலேயே இருக்கிறதா? அப்படியானால் அதைத் தோண்டாதீர்கள். செடியைத் தரையோடு அறுத்துவிட்டு, தண்ணீர் விடுவதை நிறுத்தி, இரண்டு வாரம் மண்ணுக்குள்ளேயே விட்டுவையுங்கள். தோல் அங்கேயே கட்டிவிடும். உபரியைச் சேமிக்க எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல இடம் கிடையாது. பாத்தியில் தண்ணீர் தேங்கினாலும், புழுத் தொல்லை இருந்தாலும் மட்டும் இது உதவாது.

சுருங்கிய கிழங்கு கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. பச்சை நிறமும் கசப்பும் இல்லாவிட்டால் தாராளமாகச் சமைக்கலாம். இதற்கெல்லாம் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

## ஈரமாகிக் கொழகொழக்கிறது, நாற்றம் அடிக்கிறது

அதிகம் வருவதும், விட்டால் மொத்தக் கூடையையும் கொண்டுபோவதும் இதுதான். ஒரு கிழங்கு அழுகினால் அதிலிருந்து ஒழுகும் நீர் பட்ட இடமெல்லாம் அழுகும். இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளாதீர்கள், பார்த்த அன்றே பிரியுங்கள். ஈரம் பட்ட நல்ல கிழங்கைத் துணியால் ஒற்றி, தனியே ஒரு நாள் பரப்பிவைத்து, மறுநாள் மறுபடி பாருங்கள்.

ஈரத்தோடு கட்டியது. மழையில் தோண்டிய கிழங்கைச் சேற்றோடு சாக்கில் போட்டால் இப்படி ஆகும். அடுத்த முறை இரண்டு நாள் மழை விடும் நேரம் பார்த்துத் தோண்டுங்கள். முடியாவிட்டால் திண்ணையிலோ கொட்டகையிலோ செய்தித்தாள் விரித்துப் பரப்பி மண் காயும்வரை விடுங்கள். காய்ந்த மண் கையால் தட்டினாலே உதிரும். கழுவவே வேண்டாம்.

காற்றில்லாத பை. பிளாஸ்டிக் பை, உரச் சாக்கு, மூடி போட்ட டப்பா. கிழங்கு மூச்சு விடும், அந்த ஈரம் உள்ளேயே தங்கிவிடும். பையின் உட்பக்கம் கையை வைத்துப் பாருங்கள், நனைந்தால் காரணம் அதுதான். மூங்கில் கூடைக்கோ சணல் சாக்குக்கோ ஓட்டையுள்ள பெட்டிக்கோ மாற்றுங்கள். குவியல் ஒரு அடிக்கு மேல் உயர வேண்டாம்.

தரை ஈரம். ஜூன், ஜூலையில் சிமெண்ட் தரையும் சுவரும் வியர்க்கும். கூடையைச் செங்கல் மேல் பலகை போட்டுத் தூக்கி வையுங்கள், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி.

கருகல் நோய் வந்த செடியின் கிழங்கு. தோண்டும்போது இலைகள் கருகியிருந்ததா? கிழங்கின் மேலே ஒழுங்கில்லாத பழுப்புத் திட்டுகள் லேசாக அமுங்கி இருக்கும். சீவினால் உள்ளே சதை துருவேறிய நிறத்தில் தெரியும். இலை கருகிய பாத்தியில் உடனே தோண்டக் கூடாது. செடியை அறுத்து அப்புறப்படுத்தி, இரண்டு வாரம் கழித்துத் தோண்டினால் நோய் கிழங்குக்கு ஒட்டுவது குறையும், நோயுற்ற கிழங்கும் அதற்குள் அழுகி அடையாளம் காட்டிவிடும். ஏற்கெனவே தோண்டியிருந்தால் அந்தப் பாத்தியின் கிழங்கைத் தனியே வைத்து, இரண்டு நாளுக்கு ஒரு முறை பார்த்து, நன்றாக இருப்பதை முதலில் தீர்த்துவிடுங்கள்.

பழுப்பு அழுகல். இது வந்திருந்தால் கவலைப்படத்தான் வேண்டும். கிழங்கின் கண்களில், அதாவது முளை வரும் குழிகளில், மண் ஒட்டிக்கொண்டு, தட்டினாலும் உதிராமல் பசையாக இருக்கும். அப்படி ஒன்றை எடுத்துக் குறுக்கே வெட்டுங்கள். தோலுக்குச் சற்று உள்ளே ஓடும் வளையம் பழுப்பாகியிருக்கும். இரண்டு விரலால் அழுத்தினால் வளையத்திலிருந்து பால் போன்ற துளிகள் முத்துமுத்தாக எழும்பி வரும். செடி இன்னும் நிலத்தில் நின்றால் வாடிய ஒன்றின் தண்டை அடியில் வெட்டி, கண்ணாடி டம்ளரில் உள்ள தெளிந்த தண்ணீரில் முனை மட்டும் படும்படி பிடியுங்கள். சில நிமிடங்களில் வெள்ளை இழை கீழே இறங்கினால் சந்தேகம் வேண்டாம்.

ஆளைக் கூப்பிட வேண்டிய கட்டம் இது. இந்த நோய்க்கிருமி மண்ணில் தங்கும். தக்காளி, கத்தரி, மிளகாய் எல்லாவற்றையும் தாக்கும். வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் சொல்லுங்கள். ஊட்டிப் பக்கம் உள்ளவர்கள் முத்தோரையில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தில் கேட்கலாம். நேரில் போக முடியாவிட்டால் கிசான் கால் சென்டரின் கட்டணமில்லா எண் 1800-180-1551, தமிழிலேயே பேசலாம். அதுவரை அந்தக் கிழங்கை எருக்குழியில் போடாதீர்கள், ஓடையில் வீசாதீர்கள், விதைக்கு ஒன்றுகூட எடுத்து வைக்காதீர்கள். கொத்திலும் செருப்பிலும் ஒட்டிய மண்ணைக் கழுவிவிட்டு அடுத்த பாத்திக்குப் போங்கள்.

## காய்ந்த குழி விழுந்து, உள்ளே பூஞ்சை

நாற்றமில்லை, ஈரமில்லை, ஒரு பக்கம் மட்டும் வளையம் வளையமாகச் சுருங்கிக் குழிகிறது, வெட்டினால் வெள்ளையோ இளஞ்சிவப்போ பூஞ்சை தெரிகிறது என்றால் அது உலர் அழுகல். கொத்து பட்ட காயம் வழியாகத்தான் நுழையும். அந்தக் கிழங்கை எடுத்துவிட்டால் போதும், ஈர அழுகல் மாதிரி வேகமாகப் பரவாது. செடியின் தூரிலிருந்து ஒரு அடி தள்ளிக் கொத்து போடுங்கள், கடைசியாகக் கையால் கிளறி எடுங்கள். வெட்டுப்பட்ட கிழங்கைச் சேமிப்பில் சேர்க்கவே வேண்டாம்.

## பச்சை நிறம்

வெளிச்சம் பட்டதால் வருவது. ஜன்னலோரம், டியூப்லைட் வெளிச்சம், நிலத்திலேயே மண் விலகி வெயில் பட்டது என எதுவாகவும் இருக்கலாம். இளங்கிழங்கின் தோல் மெல்லிசு என்பதால் சில நாளிலேயே பச்சை ஏறும். ஏறிய பச்சை இருட்டில் வைத்தாலும் இறங்காது.

சிறு திட்டாக இருந்தால் தோலோடு சேர்த்து ஆழமாகச் செதுக்கிவிட்டு மீதியைச் சமைக்கலாம். பாதிக்கு மேல் பச்சையாக இருந்தாலும், வெந்தபின் வாயில் வைத்ததும் கசந்தாலும் தயங்காமல் கொட்டிவிடுங்கள். பச்சை ஏறிய கிழங்கில் சேரும் நஞ்சு வேகவைத்தால் போகாது. சின்னப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சந்தேகமான கிழங்கைக் கொடுக்கவே வேண்டாம். மாட்டுக்கும் போடாதீர்கள்.

சாப்பிட்ட பிறகு வாந்தி, வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி, தலைவலி வந்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். என்ன சாப்பிட்டது என்பதையும் சொல்லுங்கள்.

தடுப்பது சுலபம். கூடைமேல் அடர்த்தியான சாக்கு. பாத்தியில் கிழங்கு மண்ணுக்கு வெளியே தெரிந்தால் அன்றைக்கே மண் அணைப்பு. இந்த அணைப்பு அடுத்த தொல்லையையும் தடுக்கும்.

## கண்ணருகே கறுப்புத் துகள், உள்ளே சுரங்கம்

கிழங்கு அந்துப்பூச்சி. மழை குறைவாக, சூடாக இருக்கும் மாதங்களில், அதாவது நீர்போகத்துக் கிழங்கில், அதிகம் பார்ப்பேன். கிழங்கின் கண்ணை உற்றுப் பாருங்கள். மிளகுத் தூள் தெளித்த மாதிரி கறுப்பாக எச்சம் ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டினால் ஊசித் துளை. அங்கே வெட்டினால் சதைக்குள் வளைந்து வளைந்து ஓடும் பாதை, அதன் முனையில் வெளிர் நிறப் புழு.

பூச்சி வீட்டில் பிறந்து வந்ததில்லை. நிலத்தில் மண் வெடித்த இடம் வழியாகவோ, தோண்டிய கிழங்கு இரவு முழுக்க பாத்தியில் கிடந்தபோதோ முட்டை வைத்திருக்கும். பிறகு வீட்டுக்குள்ளேயே பெருகும். இதை இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில், துளை உள்ள எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பாதி நன்றாக இருந்தால் வெட்டி அன்றைக்கே சமைக்கலாம். மீதியைக் குப்பைமேட்டில் போடாமல் இரண்டடி ஆழத்தில் புதைத்துவிடுங்கள், மேலே போட்டால் பூச்சி திரும்ப வரும்.

அடுத்து, கூடையின் அடியில் உண்ணிச்செடி இலையோ தைல மர இலையோ காயவைத்து விரல் அளவு கனத்துக்குப் பரப்பி, மேலேயும் அதேபோல மூடுங்கள். மலையில் விதைக்கிழங்குக்கு வழக்கமாகச் செய்வதுதான், சமையல் கிழங்குக்கும் சரிவரும். இலை பச்சையாக இருந்தால் ஈரம் ஏறி அழுகலுக்கு வழி விடும், சருகாகக் காய்ந்திருக்க வேண்டும். உண்ணி இலை ஆடுமாடுகளுக்கு விஷம், தொழுவத்துப் பக்கம் சிந்தவிடாதீர்கள்.

மூன்றாவதாக, கூடையைக் கொசுவலைத் துணியால் சுற்றிக் கட்டுங்கள். சாயங்காலம் விளக்கைச் சுற்றிச் சின்னச் சாம்பல் நிறப் பூச்சிகள் பறந்தால் அறையையே காலி செய்து, பெருக்கி, சாக்குகளை வெயிலில் உதறிக் காயப்போடுங்கள்.

சாப்பிடும் கிழங்கில் பூச்சிமருந்துத் தூள் போடாதீர்கள். விதைக்கிழங்குக்குப் போடுவதைப் பார்த்துவிட்டுச் சமையல் கிழங்கிலும் தூவுகிறார்கள். இதை மட்டும் தயவுசெய்து செய்ய வேண்டாம்.

வாரம் ஒரு முறை பிரித்தும் புதிய துளைகள் வந்துகொண்டே இருந்தாலோ, நிலத்தில் இலைகளிலும் சுரங்கம் தெரிந்தாலோ, தோட்டக்கலைத் துறை அலுவலரைக் கூப்பிடுங்கள். பூச்சியை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வைப்பது பற்றிச் சொல்வார்கள்.

## முளை விடுகிறது

தோண்டிய கிழங்குக்கு இயல்பாகவே உறக்கக் காலம் உண்டு. இங்கே பலரும் போடும் குஃப்ரி ஜோதி ரகத்துக்கு ஏறக்குறைய இரண்டு மாதம். அதற்கு முன்பே முளைத்தால் சூடுதான் காரணம் என்று பாருங்கள். பிரிட்ஜ் பின்புறம், அடுப்பு மேடைக்குக் கீழே, தகரக் கூரையடி எல்லாம் ஆகாத இடங்கள். வெங்காயக் கூடையையும் தள்ளி வையுங்கள், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டுமே சீக்கிரம் கெடும்.

அரை அங்குல முளை என்றால் கிள்ளி எறிந்து, கண்ணைத் தோண்டி எடுத்துவிட்டுச் சமைக்கலாம். முளை நீண்டு கிழங்கு தளர்ந்துவிட்டால் விட்டுவிடுங்கள்.

"முளைத்துவிட்டதே, ஊரில் மாமா வீட்டுக்கு விதைக்குக் கொடுத்துவிடலாமா?" என்று கேட்பவர்களுக்கு என் பதில்: கூடாது. நீலகிரி மண்ணில் உருளைக்கிழங்கு வேரைத் தாக்கும் தங்க நூற்புழு இருப்பது 1961 முதல் தெரிந்த விஷயம். கிழங்கில் ஒட்டிய துளி மண்ணில் அதன் முட்டைக்கூடு போகும், போன நிலத்தில் பல வருடம் உயிரோடு கிடக்கும். இங்கிருந்து விதைக்கிழங்கு வெளி மாநிலங்களுக்குப் போவதற்குத் தடை இருப்பதும் அதனால்தான். சாப்பிடக் கொடுங்கள், மண்ணை நன்றாக உதிர்த்துவிட்டுக் கொடுங்கள். நட மட்டும் கொடுக்காதீர்கள்.

## வெளியே நன்றாக இருக்கிறது, வெட்டினால் நடுவில் கறுப்பு

நடுவில் மட்டும் மை மாதிரிக் கறுத்து, நாற்றமில்லாமல் இருந்தால் மூச்சு முட்டியது என்று பொருள். கட்டிய பிளாஸ்டிக் பையிலோ, வெயிலில் நின்ற வண்டியிலோ இருந்திருக்கும். கறுப்பை வெட்டிவிட்டு மீதியைச் சமைக்கலாம். நடுவில் வெறும் பொந்தாக இருந்தால் அது வளர்ந்தபோதே வந்தது, சேமிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

## இனிக்கிறது, வறுத்தால் கறுக்கிறது

பிரிட்ஜில் வைத்திருப்பீர்கள். அந்தக் குளிரில் கிழங்கின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். எண்ணெயில் போட்டதும் உள்ளே வேகுமுன் வெளியே கருகும். வெளியே எடுத்து, சாதாரண அறைச் சூட்டில் இருட்டில் ஒரு வாரம், பத்து நாள் வையுங்கள், ஓரளவு திரும்பும். திரும்பாவிட்டால் வறுவலை விட்டுவிட்டுக் குழம்புக்கும் மசியலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

சமவெளியில் இருப்பவர்கள் வேறு வழியில்லாமல் பிரிட்ஜில் வைப்பது புரிகிறது. காய்கறித் தட்டில், காகிதப் பையில் வையுங்கள். பொரிப்பதற்கு மட்டும் எடுக்காதீர்கள்.

## ப்ரீசரில் வைத்தது கறுத்துக் குழைந்தது

பச்சையாக வைத்ததால் வந்தது. அதைக் காப்பாற்ற முடியாது. அடுத்த முறை தோல் சீவித் துண்டாக்கி, கொதிக்கும் தண்ணீரில் 3 முதல் 5 நிமிடம் போட்டு எடுத்து, உடனே குளிர்ந்த நீரில் ஆறவிட்டு, துணியில் ஈரம் ஒற்றி, தட்டில் பரப்பி உறைந்த பின் பையில் போடுங்கள். வேகவைத்து மசித்ததும் நன்றாக நிற்கும். வெயில் கிடைக்கும் மே மாதத்தில் அரைவேக்காட்டில் வட்டமாகச் சீவி, உப்புப் போட்டு வற்றலாகக் காயவைப்பது இன்னும் சுலபம், மின்சாரம் போனாலும் கெடாது.

## இரண்டு கூடைக்கு மேல் போய்விட்டதா?

பத்து மூட்டை இளங்கிழங்கை வீட்டில் வைக்க முயல வேண்டாம். அவ்வளவுக்குத் தோல் ஆற இடமும் இருக்காது, பிரிக்க ஆளும் இருக்காது. மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும் பக்கத்துத் தோட்டத்து லாரியில் சேர்த்து அந்த வாரமே அனுப்பிவிடுங்கள். செடி இன்னும் நிலத்தில் நின்றால் வீட்டுக்கு வேண்டிய வரிசையை மட்டும் தோண்டி, மீதியை முற்றவிடுங்கள்.